புழுங்கல் அரிசியும் நலக்கல்வியும்: நம் மாநிலத்தில் நடந்த ஒரு வரலாறு



சில வாரங்களுக்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்விப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'சத்துள்ள உணவு' என்பது அன்றைய தலைப்பு. உணவுப் படங்களை வெண்பலகையில் ஒட்டி, எவற்றை நிறைய உண்ணலாம், எவற்றைக் குறைக்க வேண்டும் என வகைப்படுத்தச் சொன்னேன். சோற்றுப் படம் வந்தபோது நேரம் குறைவாக இருந்ததால், "சோறு உடம்புக்குக் கெடுதல், குறைத்துக்கொள்ளுங்கள்" என்று அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், எங்க பாட்டி தோட்டத்துல புழுங்கல் அரிசிச் சோறு சாப்பிட்டுட்டுத்தான் மரம் சீவுனாங்களாம். அப்ப பாட்டி செஞ்சது தப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் அன்று சரியான விடை கூறவில்லை. மணி அடித்தது, பாடம் முடிந்தது. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வசிப்பது சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங்கில். இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களைப் போலவே எங்கள் குடும்பமும் தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்ததுதான். என் பாட்டியும் லாபு வட்டாரத்தில் பால்மரம் சீவியவர். அவரும் புழுங்கல் அரிசியையே உண்டவர். அப்படியிருக்க, அச்சிறுமியின் பாட்டியை மட்டுமன்றி என் பாட்டியையும் சேர்த்துத்தான் நான் வகுப்பில் குறை கூறியிருக்கிறேன்.

உண்மையில், அந்தப் புழுங்கல் அரிசிக்கு உலக மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி நடந்தது நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. ஆதலால் இக்கட்டுரையில் அதனை எழுத விழைகிறேன்.

பெரிபெரி என்னும் நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவை வாட்டிய நோய்களுள் பெரிபெரி ஒன்று. கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் பணியாற்றிய சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் கூட்டங்கூட்டமாக இறந்தனர். சிறைச்சாலைகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் இது பரவியது. நோய்க்குக் காரணம் கிருமி என்றனர் சிலர். ஈரமான நிலம் என்றனர் வேறு சிலர்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்தவர் வில்லியம் லியோனார்ட் பிராடன் என்னும் ஆங்கிலேயர். தம் நோயாளிகளை அவர் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கினார். ஒரே ஊரில், ஒரே வெயிலில், ஒரே மழையில் வாழும் மக்களுள் சீனத் தொழிலாளர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது. தமிழ்த் தொழிலாளர்களுக்கோ அரிதாகவே வருகிறது. கிராமத்தில் தங்கள் நெல்லைத் தாங்களே குத்தி உண்ணும் மலாய்க்காரர்களுக்கும் அரிதாகவே வருகிறது. நிலமும் காற்றும் ஒன்றாக இருக்கையில் வேறுபடுவது எது? அவர் கண்ட விடை: அரிசி.

சீனத் தொழிலாளர்கள் உண்டது ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. அது பெரும்பாலும் சயாமிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்தது. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. அதாவது, நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பின்னர் உமி நீக்கிய அரிசி. பிராடன் தம் முடிவுகளைத் தொகுத்து 1907 ஆம் ஆண்டில் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய பெரிய நூலாக வெளியிட்டார்.

ஆசிரியர்களாகிய நாம் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிராடன் கண்டது சரி. ஆனால் அதற்கு அவர் கூறிய விளக்கம் தவறு. பழைய வெள்ளை அரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறது. புழுக்குவதால் அந்நஞ்சு உண்டாகாமல் தடுக்கப்படுகிறது என்றே அவர் கருதினார். நஞ்சு இருப்பதால் அன்று, சத்து இல்லாமையால்தான் நோய் வருகிறது என்பதை அவர் அறியவில்லை. ஒரு பொருள் 'இல்லாமை' நோயை உண்டாக்கும் என்ற எண்ணமே அக்காலத்து மருத்துவர்களுக்குப் புதிது.

சோறு பரிமாறி நடத்திய சோதனைகள்

பிராடனின் கருத்தைச் சோதித்துப் பார்க்க முன்வந்தவர் கோலாலம்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணிட்டார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்கு ஒரு வகை அரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்கு மற்றொரு வகை. ஓராண்டுக் காலம் ஒரு குழுவுக்கு வெள்ளைப் பச்சரிசிச் சோறும் மற்றொரு குழுவுக்குப் புழுங்கல் அரிசிச் சோறும் அளிக்கப்பட்டன. பச்சரிசி உண்டவர்களுள் பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களுள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

அடுத்த சோதனை மீண்டும் நம் மாநிலத்தில் நடந்தது. 1900 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், ஏ. தாமஸ் ஸ்டான்டன் ஆகிய இருவரும் 1907 ஆம் ஆண்டு முதல் இதனை நடத்தினர். நெகிரி செம்பிலானின் உட்புறக் காட்டில் சாலை அமைக்கும் பணிக்கு வந்திருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசி; மற்றொன்றுக்குப் புழுங்கல் அரிசி. மூன்று மாதங்களுக்குள் வெள்ளை அரிசி உண்ட குழுவில் நோய் தலைகாட்டியது. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தனர். நோய் மற்றைய குழுவில் தோன்றியது. ஆகவே இது தொற்றுநோய் அன்று என்பதும் இடத்தால் வருவதன்று என்பதும் உறுதியாயின.

அதன்பின் அவ்விருவரும் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது வெளியே எறியப்படும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என்று காட்டினர். இதற்கு முன்பே ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் தீட்டிய அரிசி உண்ட கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவதைக் கண்டிருந்தார்; 1901 இல் கெரிட் கிரின்ஸ் அது ஒரு சத்தின் குறைவே என விளக்கியிருந்தார். 1910 ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய கீழை நாடுகளின் வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தொடர்ந்து தீட்டிய வெள்ளை அரிசியை முதன்மை உணவாகக் கொள்வதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு எனத் தீர்மானித்தது.

1912 ஆம் ஆண்டில் காசிமிர் பங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்ற பெயரை வழங்கினார். 1926 இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அரிசித் தவிட்டிலிருந்து அச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது. 1936 இல் அதனைச் செயற்கையாக உருவாக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். அச்சத்தையே இன்று தயாமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் அழைக்கிறோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள இச்சத்தின் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து அரிசியின் உட்பகுதிக்குள் செல்கிறது. பின்னர் தவிட்டை நீக்கினாலும் சத்து அரிசிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நம் முன்னோர் நெல்லைப் புழுக்கியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: புழுக்கிய நெல் குத்தும்போது குறைவாக நொறுங்கும், அரிசி நெடுநாள் கெடாமல் இருக்கும். வைட்டமின் என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. ஆயினும் அந்தப் பழக்கம் அவர்களைக் காத்தது.

பெருமையோடு சொல்ல வேண்டியதும் மறைக்காமல் சொல்ல வேண்டியதும்

இவ்வரலாற்றைப் படிக்கும்போது பெருமை கொள்வது இயல்பே. ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் அது முழுமையான வரலாறு ஆகாது.

முதலாவதாக, இச்சோதனைகளில் நோயுற்றவர்களும் இறந்தவர்களும் மனிதர்கள். மனநோயாளிகளிடமும் கூலித் தொழிலாளர்களிடமும் இன்றைய முறைப்படி ஒப்புதல் பெற்று இச்சோதனைகள் நடத்தப்படவில்லை. நாம் இன்று அறிந்திருக்கும் உண்மைக்காக அவர்கள் விலை கொடுத்தார்கள். மேல்வகுப்பு மாணவர்களிடம் இதையும் கூற வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவதாக, பெரிபெரி நம்மவரை அதிகம் தாக்கவில்லை என்பதனால் தோட்டங்களில் தமிழர்கள் நலமாக வாழ்ந்தார்கள் என்று பொருளன்று. மலேரியாக் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, வெயில்பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901 முதல் கிள்ளானில் வடிகால் அமைத்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டிய பிறகே தோட்டங்களில் வடிகால் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் படிப்படியாகப் பரவின. கொக்கிப்புழுவும் அவ்வாறே. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் மருத்துவக் குழு மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களிடையே இப்புழுவைப் பற்றி ஆராய்ந்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தின் வழியே அப்புழு உடலுக்குள் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும்.

ஆகவே, "செருப்பு அணிந்து செல்", "கழிப்பறைக்குச் சென்றபின் கைகழுவு" என்று முதலாம் ஆண்டு மாணவரிடம் நாம் கூறும் சொற்கள் பாடநூலில் எங்கிருந்தோ வந்தவை அல்ல. அவை நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களின் வரலாற்றிலிருந்து வந்தவை. அதே வேளையில், செருப்பு வாங்கும் வசதியும் கழிப்பறை கட்டும் பொறுப்பும் அந்தத் தொழிலாளியின் கையில் மட்டும் இருக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. நலம் என்பது தனிமனிதரின் ஒழுக்கம் மட்டுமன்று. அவர் வாழும் இடம், பெறும் கூலி, கிடைக்கும் உணவு ஆகியவற்றையும் பொறுத்தது. இந்த உண்மையை நான் என் பணியில் சற்றுத் தாமதமாகவே கற்றேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், காலை உணவு உண்ணாமல் வரும் பிள்ளைகளின் தாய்மார்களைக் கடிந்து பேசியிருக்கிறேன். அவர்களுள் ஒருவர் இரவு வேலை முடித்து, பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்ட பிறகே உறங்கச் செல்பவர் என்பது பின்னரே தெரிந்தது. 1979 முதல் நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் நடைபெறும் கூடுதல் உணவுத் திட்டம் ஏன் தேவை என்பதை எந்தப் பயிற்சியைவிடவும் அந்தத் தாயே எனக்கு நன்றாக உணர்த்தினார்.

பாட்டியின் சோறும் அப்பாவின் காலும்

இனி, அச்சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். பாட்டி செய்தது தவறா?

என் பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குச் செல்வார். மரத்திற்கு மரம் நடந்து சீவி, மீண்டும் அதே வழியில் நடந்து மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, காண்டாக் கம்பில் இரு வாளிகளையும் தோளில் சுமந்து கொட்டகைக்கு வருவார். மாலையில் விறகு பொறுக்குவார். கீரைப்பாத்திக்கு நீர் ஊற்றுவார். அவர் தட்டில் மலைபோல் சோறு இருக்கும். பக்கத்தில் கீரையும் கருவாடும் இருக்கும். அந்த உழைப்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது.

என் அப்பா அதே தட்டில், அதே அளவு சோறு உண்டவர். ஆனால் அவர் லாரி ஓட்டுநர். நாள் முழுவதும் அமர்ந்தே வேலை செய்தார். இடையிடையே டின்பால் கலந்த தேநீர் நான்கு முறையாவது குடிப்பார். ஐம்பது வயதுக்குள் நீரிழிவு கண்டது. காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல், இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. மருத்துவமனையில் அவர் அருகே அமர்ந்திருந்தபோது, "அம்மா சாப்பிட்டதைத்தானே நானும் சாப்பிட்டேன்" என்று அவர் கூறியது இன்றும் என் நினைவில் உள்ளது.

அவர் கூறியதில் பாதி உண்மை. உணவு மாறவில்லை, வாழ்க்கை மாறிவிட்டது. தோட்டம் போயிற்று, நடை போயிற்று, சோற்றின் அளவு மட்டும் அப்படியே நின்றது. அதனோடு இனிப்புப் பானங்களும் சேர்ந்துகொண்டன. 2019 ஆம் ஆண்டின் தேசிய நல ஆய்வு, நம் நாட்டில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளதாகக் காட்டியது. இந்தியரிடையே அது மேலும் அதிகம். அதே ஆண்டு ஜூலை மாதம் முதல் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் வரி விதித்ததும் இக்கவலையால்தான்.

நூறாண்டுகளுக்கு முன் அரிசியில் சத்துக் குறைந்ததால் கால்கள் மரத்தன. இன்று சோறும் சீனியும் மிகுந்து, நடை குறைந்ததால் கால்கள் மரத்துப்போகின்றன. நோய் வேறு, காரணமும் வேறு. ஆயினும் பிராடன் கேட்ட கேள்வியையே நாமும் கேட்க வேண்டியிருக்கிறது: வேறுபட்டது எது?

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

இவ்வளவையும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா என நீங்கள் கேட்கலாம். சுருக்கமாகச் சொல்ல முடியும். நான் செய்து பார்த்தவற்றைக் கீழே தருகிறேன்.

ஒன்று: பச்சரிசி, புழுங்கல் அரிசி, தீட்டாத அரிசி ஆகியவற்றைச் சிறு கிண்ணங்களில் வைத்துப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தையும் மணத்தையும் அவர்களே கூறட்டும். பிறகு, "இவற்றுள் ஒன்று பலர் உயிரைக் காத்தது" என்று தொடங்கிக் கதையைச் சொல்லுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

இரண்டு: வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், "என் வயதில் நீங்கள் ஒரு நாளில் எங்கெல்லாம் நடந்தீர்கள்? என்ன விளையாடினீர்கள்?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். நொண்டி, பாண்டி, சடுகுடு, கோலி எனப் பதில்கள் வரும். அவற்றுள் ஒன்றை அடுத்த உடற்கல்விப் பாடத்தில் விளையாடலாம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாரத்தில் சில பாடவேளைகளால் மட்டும் அது நிறைவேறாது. எனவே வீட்டின் துணையும் வேண்டும்.

மூன்று: நொண்டி ஆடுவதற்கு முன்பும் பின்பும் மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணச் செய்யுங்கள். சிறியவர்கள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாலே போதும். "உடற்பயிற்சி நல்லது" என்று பத்து முறை எழுதவைப்பதைவிட, தம் இதயம் விரைந்து துடிப்பதை உணர்வது மேல்.

நான்கு: தட்டை வட்டமாக வரைந்து, பாதியில் காய்கறி, பழங்களையும், காற்பங்கில் சோற்றையும், மற்றொரு காற்பங்கில் மீன், முட்டை, பருப்பு போன்றவற்றையும் வரையச் சொல்லுங்கள். சோற்றை 'கெடுதல்' என்று கூற வேண்டா. அதற்குரிய இடம் எது என்று மட்டும் காட்டினால் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடவேளை வீணாகிறது என்று கருதி, தேர்வுக் காலங்களில் உடற்கல்வி வேளையைக் கணிதத்திற்குக் கொடுக்குமாறு எங்களைக் கேட்காதீர்கள். அவ்வாறு கேட்கும் முன், உங்கள் வீட்டில் மருந்துப் பெட்டியோடு வாழும் பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சர் போன வாரம் சொன்னது சரியில்லை. உன் பாட்டி செய்தது தவறில்லை" என்று கூறிவிட்டு, அரிசிக் கதையைச் சொன்னேன். பாட்டி எவ்வளவு நடந்தார், நாம் எவ்வளவு நடக்கிறோம் என்பதையும் ஒப்பிட்டுப் பேசினோம்.

மறுநாள் அச்சிறுமி ஒரு சிறு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே ஒரு பிடி புழுங்கல் அரிசி இருந்தது. "பாட்டி உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க, டீச்சர். சாயங்காலம் என்கூட நடக்க வர்றேன்னும் சொன்னாங்க" என்றாள். அந்த அரிசி இப்பொழுது எங்கள் வகுப்பறையின் அறிவியல் மூலையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இவ்வாறு தோட்டத்து உணவு, விளையாட்டு, வைத்தியம் பற்றிய செய்திகள் இருக்கும். கேட்டு எழுதி வையுங்கள். வாய்ப்பிருந்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள்.